கடலிலிருந்து பார்க்க வேண்டிய ஊர்

இனயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கண் மருத்துவ முகாமுக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். காலைப் பூசை முடிந்ததும் கூட்டம் வரும் என்றார்கள், வந்தது. என் வேலை எளியது. சுவரில் மாட்டிய அட்டைக்கு 6 மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு, வருகிறவரை உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, அட்டையில் இருக்கும் மூன்று கால் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் ஏற்ற சோதனை.

நூறு கண்களுக்கு மேல் பார்த்திருப்பேன். பலவற்றில் மூக்குப் பக்கத்து வெள்ளையிலிருந்து கருவிழியை நோக்கி மெல்லிய சதை முக்கோணமாக ஏறியிருந்தது. வெயிலின் புற ஊதாக் கதிரும், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் கூச்சமும், உப்புக் காற்றும் பல ஆண்டு சேர்ந்து செய்கிற வேலை அது. கடல் தொழில் அந்தக் கண்களில் தன் பெயரை எழுதி வைத்திருந்தது.

எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டா வந்தார். அட்டையின் கடைசி வரிவரை தயங்காமல் விரலைத் திருப்பினார். கையில் கொடுத்த சிறிய அட்டைதான் மங்கியது. வெள்ளெழுத்து. வலை சரி செய்பவரோ என்று நினைத்துக் கேட்டேன். வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவராம். இப்போது அபூர்வமாகத்தான் எழுதுகிறார். மருத்துவர் கண்ணாடி எழுதித் தரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: “மக்களே, ஊரச் சுத்திப் பாத்தியா?” இல்லை என்றேன். “பாரு. ஆனா இங்க உள்ளதெல்லாம் கடல்ல நின்னு பாக்கதுக்கு வச்சது.”

மதியம் முகாம் கலைந்ததும் அந்த ஒரு வாக்கியத்தோடு நடக்கத் தொடங்கினேன்.

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் மணலுக்கும் தென்னைக்கும் நடுவே நெருக்கமாக அமைந்த ஊர் இனயம். 1544-இன் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் இந்தத் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு இந்தக் கரைக்கென்று ஒரு கலை வளர்ந்தது. அது அருங்காட்சியகத்துக்குள் போகவில்லை. முச்சந்தியில் குருசடியாக, வேலியோரத்தில் மாதா குகையான கெபியாக, மணலில் வள்ளமாக நிற்கிறது.

ஊர் ஆலயம் புனித ஹெலன் பெயரில் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய். இயேசுவின் சிலுவையை எருசலேமில் தேடிக் கண்டெடுத்தவர் என்பது மரபு. உலகெங்கும் ஓவியர்கள் அவரைச் சிலுவையோடு சேர்த்தே வரைகிறார்கள். தேடிப் பார்த்த ஒரு கண்ணின் பெயரைத் தாங்கிய ஆலயம் உள்ள ஊரில் கண் முகாம் நடத்தியது தற்செயல்தான். என்றாலும் நாள் முழுக்க அது எனக்குள் இனித்துக்கொண்டிருந்தது.

ஒரு குருசடியின் முன் வெகு நேரம் நின்றேன். படிப்படியாகக் குறுகும் பீடம், மேலே சிலுவை, நடுவில் விளக்கு மாடம். மாடத்தின் மேல் விளிம்பில் மெழுகுவர்த்திக் கரி நாக்கு நாக்காக ஏறியிருந்தது. பீடத்தின் ஒரு மூலை உடைந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. உப்புக் காற்று சிமெண்டுக்குள் புகுந்து கம்பியைத் துருவாக்கும். துரு பருத்து வெளிப்பூச்சை வெடிக்க வைக்கும். அந்த வெடிப்பு எனக்கு ஒரு சன்னலாக அமைந்தது. உடைந்த விளிம்பில் வண்ண அடுக்குகள் தெரிந்தன: மேலே மஞ்சள், அதற்குக் கீழ் வெளிர் நீலம், அதன் கீழ் பச்சை, அடியில் சுண்ணாம்பு வெள்ளை. திருவிழாவுக்குத் திருவிழா பூசியது. மரத்துக்கு வளையம் போல இதற்கு அடுக்கு. ஒரு நகத்தின் தடிமனுக்குள் எத்தனையோ கொடியேற்றங்கள்.

அந்த மஞ்சள், உண்மையைச் சொன்னால், கண்ணை உறுத்தியது. இவ்வளவு பளிச்சென்று ஏன் என்று தோன்றியது.

கெபியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லூர்து குகையை நினைத்து, கம்பி வலையில் சிமெண்டை அப்பிப் பாறையாக்கியிருந்தார்கள். ஆனால் அதைச் செய்த கை லூர்தின் பாறையைப் பார்த்ததில்லை போலும். அலை அரித்த கரைப் பாறையின் குழிகளைத்தான் அது அப்படியே அப்பியிருந்தது. அன்னை நின்றது இனயத்துப் பாறையில்.

மணலுக்கு இறங்கினால் வள்ளங்கள். பாட்டா அங்கே இருந்தார். முகாமில் கொடுத்த கண்ணாடி மூக்கில் இருந்தது. தாம் எழுதிய ஒரு வள்ளத்தைக் காட்டினார். ‘ஆரோக்கிய மாதா’. முதலில் எனக்கு எழுத்து மட்டுமே தெரிந்தது. அவர் சொல்லச் சொல்லத்தான் அதன் நயம் பிடிபட்டது. வள்ளத்தின் இரு பக்கமும் பெயர் எழுத வேண்டும். இடப்பக்கத்தில் பெயர் முன்முனையான அணியத்திலிருந்து தொடங்கிப் பின்முனையான அமரத்தை நோக்கி ஓடும். வலப்பக்கத்தில் அமரத்துப் பக்கம் தொடங்கி அணியத்தில் முடியும். அதனால் இடப்பக்கத்தில் அலையை முதலில் சந்திப்பது ‘ஆ’வின் சுழி. வலப்பக்கத்தில் ‘தா’வின் கால். அந்தக் காலை அவர் மற்ற எழுத்துகளைவிட ஒரு விரல் உயரமாக இழுத்திருந்தார், நட்ட பாய்மரம் மாதிரி.

அணியம் வளைந்து ஏறுகிற இடத்தில் எழுத்துகள் அகலமாக இருந்தன. அருகில் நின்று பார்த்தால் ‘ஆ’ உப்பிப்போய் விகாரமாகத் தெரிகிறது. பத்துப் பதினைந்து அடி பின்னால் போகச் சொன்னார். போனேன். வளைவு அந்த அகலத்தை விழுங்கிக்கொண்டு எல்லா எழுத்தையும் ஒரே அளவாக்கியது. “பக்கத்துல நின்னு வாசிக்கவனுக்கு எழுதப்படாது மக்களே. அடுத்த வள்ளத்துல வாறவன் பாக்கணும்.” போர்த்துக்கல்லின் அவைரோவில் மொலிசெய்ரோ என்ற படகின் முனைகளில் வரையும் ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. இந்த ஒரு ‘ஆ’வை அவற்றின் பக்கத்தில் கூசாமல் வைப்பேன்.

பிறகு பாட்டா குனிந்து, கண்ணாடி வழியாக ‘தா’வின் காலைத் தடவினார். சிவப்பு வண்ணத்துக்குள் தூரிகை முடி ஒன்று, கண்ணிமை முடி அளவு, ஒட்டிக் காய்ந்து கிடந்தது. “இது எப்பக் கிடந்தது?” என்றார் தமக்குத்தாமே. எழுதிய நாள் முதல் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

வெளியுலகம் இந்த ஊரை வேறு விதமாகவே அறியும். 2016-இல் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது இந்த ஊரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். திட்டம் வேறிடம் நோக்கிப் போனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்தக் கரையெங்கும் வீடுகளில் இழவு விழச் செய்தது. இனயம் என்றால் செய்தியில் இவைதான் வருகின்றன. ‘தா’வின் கால் வருவதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வெயில் தாழ்ந்ததும் பாட்டாவின் உறவுக்காரர் ஒருவர் என்னைத் தம் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் ஊர் சுருங்கத் தொடங்கியது. முதலில் ஆட்கள் மறைந்தார்கள். பிறகு சன்னல்கள், பிறகு கெபி. வீடுகள் ஒரே சாம்பல் கோடாகி, தென்னைப் பச்சைக்குள் கரைந்தன. ஆலயக் கோபுரம் மட்டும் நிமிர்ந்து நின்றது. எங்கே குருசடி என்று தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே மஞ்சள் ஒரு பொட்டாக நின்றது. கரையில் என் கண்ணை உறுத்திய அதே மஞ்சள்.

இப்படிக் கரையைப் பார்த்துக் கடலில் இடம் குறிப்பதைக் கணியம் என்கிறார்கள். கரையில் பக்கத்து அடையாளம் ஒன்று, தூரத்து அடையாளம் ஒன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு இணை, இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், மீன் அடையும் பாறைத்திட்டான பார் இருக்கும். ஜி.பி.எஸ். கருவி வள்ளக்காரரின் காலடியில் இருந்தது. ஆனாலும் அவர் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பொட்டு மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, பின்னால் தெரிந்த மலை முகட்டின் நேர் கீழே வந்தது. அவர் கோபுரத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.