அசன் தேடிக் கண்டது என்ன?

சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’யை (1885) இம்முறை மகளோடு சேர்ந்து வாசித்தேன். மிஸ்ரில் பிறந்த குழந்தை களவாடப்படுகிறது. பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா போய், இடர் பல தாண்டிப் பெற்றோரை அடைகிறான் அசன். நூலை மூடிவிட்டு மகள் கேட்டாள்: “வாப்பா, கடசியில அவன் பாஷாட மகன்தானே. இவ்வளவு கஷ்டப்பட்டு என்னத்தக் கண்டுபுடிச்ச?”

அக்கேள்வி என்னை விடவில்லை. ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1883இல் நூலாக வந்தது. அதில் வரும் ஜிம் ஒரு விடுதிக்காரரின் பிள்ளை. ஆப்பிள் பீப்பாவுக்குள் கிடந்து சதியைக் கேட்ட கணத்திலிருந்து கப்பலிலுள்ள நல்லவர்களின் உயிர் அந்தப் பொடியன் கையில். ஊர் திரும்பும்போதும் அவன் விடுதிக்காரரின் பிள்ளைதான். பெற்றதெல்லாம் அவன் செய்கையால் வந்தது. அசனிடமும் துணிவு உண்டு, நேர்மை உண்டு. ஆனால் அவனுக்குரிய பரிசு பிறக்கும்போதே எழுதியாயிற்று.

இந்நாவலில் இலங்கை இல்லை என்பது நம் விமர்சகர்கள் வழமையாகச் சொல்லும் குறை. எனக்கு அது பெரிய குறையல்ல. பிரித்தானியரிடம் தோற்று நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷாவும் தோழர்களும் 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார்கள். அன்றைய வாசகருக்கு மிஸ்ர் தூரதேசமல்ல, பக்கத்துத் தெரு. என் மனத்தாங்கல் வேறு. ஒராபி நைல் கழிமுகக் கிராமத்துப் பிள்ளை. துருக்கிய, சேர்க்காசிய அதிகாரிகளே மேலிருக்க, மண்ணின் மைந்தர் படையில் உயர முடியாதிருந்ததை எதிர்த்து எழுந்தவர். பிறப்பால் பாஷாவல்ல, உழைப்பால் பாஷா. அப்படியொருவர் கண்முன் நடமாடியபோது, அவரோடு பழகிய சித்திலெப்பை தம் நாயகனுக்குப் பிரபு குலத்தைத்தான் தெரிந்தெடுத்தார்!

‘முஸ்லிம் நேசன்’ நடத்தி, பள்ளிக்கூடம் திறந்து, “படியுங்கள்” என்று சமூகத்தை உலுப்பிய மனிதர் அவர். காணாமற்போன இளவரசன் கதைகளைக் கேட்டு வளர்ந்த வாசகரை நாவலுக்குள் இழுக்க அந்தப் பழைய முடிவு அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். அதற்காக நூலைத் தள்ளிவிட மாட்டேன். வாப்பாவின் பெயர் துணைக்கில்லாமல் அசன் அலையும் இந்தியப் பகுதிகளை மட்டும் இரண்டாம் தடவையும் வாசித்தேன். அங்கே அவனும் ஜிம்மைப்போல வெறும் பொடியன்தான்.

மகளிடம் சொன்னேன். “அப்ப கல்கத்தாவோட நிப்பாட்டியிருக்கலாமே” என்றாள்.