தறுகணும் பேதைமையும்: ஜே.பி. சந்திரபாபுவின் நகைச்சுவை நடிப்பு

முன்னுரை

ஜே.பி. சந்திரபாபு (1927–1974) தமிழ்த் திரைப்பட வரலாற்றில் பெரும்பாலும் ஒரு வாழ்க்கைக் கதையாகவே நினைவுகூரப்படுகிறார். வறுமை, புகழ், செருக்கு, வீழ்ச்சி என்னும் நான்கு படிகளில் அக்கதை அமைகிறது. அவருடைய நடிப்போ, கதைக்குச் சான்று தேவைப்படும் இடத்தில் மட்டும் எடுத்துக்காட்டப்படுகிறது. இக்கட்டுரை நடிப்பை முதலிலும் வாழ்க்கையை அடுத்தும் வைத்து நோக்குகிறது. வீரத்துக்கு உரிய துணிவையும் நகைக்கு உரிய பேதைமையையும் ஒரே உடலில் இணைத்தமையே சந்திரபாபுவின் தனித்தன்மை என்பது இதன் கருதுகோள்.

மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையையும் மடனையும் வைக்கிறது. அஞ்சாமையாகிய தறுகணைப் பெருமிதத்தின் நிலைக்களன்களுள் வைக்கிறது. இலக்கண வகைப்பாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு மெய்ப்பாடுகளுக்கு உரியவை. நிகழ்த்துகலையில் இவை எத்துணை நெருங்கி வாழ்கின்றன என்பதைக் காட்ட ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஆநிரை மீட்டும் புலியொடு பொருதும் மாண்டவர்க்கு எடுத்த நடுகற்கள் மிகுந்த நிலம் அது. அதே நிலத்தில் பாரதக் கூத்தும் ஆடப்படுகிறது. கூத்தில் அரசனை அவைக்கு அறிமுகம் செய்பவனும் கட்டியக்காரனே. அவ்வரசனை அவன் முன்னிலையிலேயே எள்ளுபவனும் கட்டியக்காரனே. பேதை போலத் தோன்றுபவனுக்கே அந்தத் துணிவு வாய்த்திருக்கிறது. ஆயினும் வீரனுக்குக் கல் எடுத்த சமூகம் கட்டியக்காரனுக்குக் கல் எடுக்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு திரைத்துறையிலும் தொடர்ந்ததைச் சந்திரபாபுவின் கலைவாழ்வு புலப்படுத்துகிறது.

உருவான சூழல்

தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த சந்திரபாபுவின் இளமை கொழும்பில் கழிந்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவரான தந்தை, குடும்பத்துடன் அங்குக் குடிபெயர்ந்திருந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்த சந்திரபாபு, 1947இல் ‘தன அமராவதி’ படத்தில் அறிமுகமானார். அதன்பின் வாய்ப்புகள் எளிதில் அமையவில்லை. 1952இல் ஜெமினி ஸ்டுடியோவில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அந்நிறுவனத்தின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. இந்நிகழ்ச்சியைத் துணிச்சலின் சான்றாகக் கூறும் வழக்கம் திருத்தப்பட வேண்டியது. வாய்ப்பிழந்த ஓர் இளைஞனின் அவலத்தையும் பயின்று பெற்ற கலைத்துணிவையும் ஒன்றாக்குவது இரண்டையும் பிழையாக அறிவதாகும்.

உடலே உரை

சந்திரபாபுவுக்கு முன் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிலைநாட்டிய நகைச்சுவை, சொல்லையும் சிந்தனையையும் சார்ந்தது. அதில் நகைப்பவன் நிலைகுலையாமல் நின்று உலகின் கோணலைச் சுட்டுவான். சந்திரபாபுவிடம் நகைப்பவனே நிலைகுலைகிறான். தளரும் முழங்கால், எதிர்பாராத துள்ளல், பாட்டின் நடுவே தொண்டை உடைந்து ஏறும் மேனாட்டு யோடலிங் என அனைத்தும் விழப்போகும் உடலின் குறிகளாகவே அமைகின்றன. பார்ப்பவர் ஒரு கணம் அஞ்சி, அடுத்த கணம் நகைக்கின்றனர். உடல் தன் கட்டுப்பாட்டை முற்றும் இழந்ததாகக் காட்டுவதற்கு முற்றிய கட்டுப்பாடு வேண்டும். அவருடைய பேதைமைக்குள் தறுகண் தொழிற்படுவது இவ்விடத்தில்தான். 1928இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் சரிந்து விழும் வீட்டுச் சுவரின் சன்னல் இடைவெளியில் அசையாது நின்ற பஸ்டர் கீட்டன், அதே துணிவை அசைவின்மையால் காட்டினார். சந்திரபாபு அதனை மிகை அசைவால் காட்டினார்.

இதற்குச் சிறந்த சான்று ‘சபாஷ் மீனா’ (1958). நண்பனுக்காக அவன் பெயரைப் பூண்டு வேறொரு வீட்டில் தங்கும் இளைஞனாகவும், சென்னைப் பேச்சுவழக்கில் உரையாடும் ரிக்‌ஷாக்காரனாகவும் சந்திரபாபு இருவேடம் ஏற்றார். முதல் வேடத்தில் பொய் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் உடலைப் பதறச் செய்கிறது. இரண்டாம் வேடத்தில் உழைப்பாளியின் உடல் எவர்க்கும் அஞ்சாமல் நிமிர்கிறது. ஒரே முகம் இருவேறு உடல்களாகப் பிரிவதால் வேடங்களை வேறுபடுத்த ஒப்பனை மிகுதியாகத் தேவைப்படவில்லை.

எல்லை கடந்த நகை

‘சபாஷ் மீனா’வை இயக்கிய பி.ஆர். பந்துலு, கிருஷ்ணகிரியை அடுத்த கோலார்ப் பகுதியைச் சேர்ந்தவர். தமிழிலும் கன்னடத்திலும் ஒருசேரப் படைத்தவர். அவரே அக்கதையை இந்தியில் ‘தில் தேரா தீவானா’ (1962) என எடுத்தபோது அதன் நகைச்சுவைப் பாத்திரத்தில் மெஹ்மூத் நடித்தார். ரிக்‌ஷாக்காரனின் சென்னைத் தமிழை இந்திக்குக் கொண்டுசெல்ல இயலாது. பதறும் உடலைக் கொண்டுசெல்ல இயலும். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியும் வழங்கும் ஓசூர் போன்ற எல்லை நகரில் இவ்வேறுபாடு தெளிவாக உணரத்தக்கது. சிலேடைக்கு மொழி வேண்டும். இடறலுக்கு அது வேண்டா.

மறுக்கப்பட்ட பெருமிதம்

‘சகோதரி’ (1959) படம் உருவான பிறகு, அதற்கு வலுவூட்டச் சந்திரபாபுவின் பால்காரர் பகுதி தனியே சேர்க்கப்பட்டது. கதைக்கு வெளியே நின்று கதையைக் காப்பாற்றும் கருவியாக நகைச்சுவை கருதப்பட்டதற்கு இது சான்று. மையத்துக்கு வர அவர் மேற்கொண்ட முயற்சிகள் வேறு முடிவையே கண்டன. கண்ணதாசன் தயாரிப்பில் அவர் நாயகனாக நடித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) வெற்றி பெறவில்லை. எம்.ஜி.ஆரை நாயகனாகக் கொண்டு அவர் இயக்கத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ இடையில் நின்றது. அவர் இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) படமும் தோல்வியுற்றது.

இத்தோல்விகளை அவருடைய குணக்குறைகளால் மட்டும் விளக்குவது போதாது. படப்பிடிப்பு ஒழுங்கிலும் பணக் கையாளலிலும் அவருக்குக் குறைகள் இருந்திருக்கலாம். எனினும் அதே காலத்தில் வேறு நடிகர்களின் தன்மதிப்பு ஆளுமையாகப் போற்றப்பட, நகைச்சுவை நடிகரின் தன்மதிப்பு செருக்காக எண்ணப்பட்டது. ‘சர்வர் சுந்தரம்’ (1964) வழியாக நாகேஷ் கதையின் மையத்துக்கு வந்தபோதும், நகைச்சுவை நடிகனின் மனவேதனையே அப்படத்தின் பொருளாயிற்று. நகையாளன் மையத்தில் நிற்க அழுகை அனுமதிச் சீட்டாகத் தேவைப்பட்டது. சந்திரபாபு வேண்டியது அதுவன்று. நகையாளனாகவே இருந்து பெருமிதம் பெறுவதையே வேண்டினார்.

முடிவுரை

சந்திரபாபுவின் கலை, தறுகணும் பேதைமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை உடலால் நிறுவியது. அவரை ஏற்ற திரைத்துறை பேதைமையைப் பெற்றுக்கொண்டு தறுகணைக் குறையாக எண்ணியது. அவரைப் பற்றிய வாழ்க்கைக் கதைகளும் அத்தீர்ப்பையே வழிமொழிகின்றன. மெய்ப்பாட்டியலைத் திரைநடிப்புக்குப் பொருத்தும் ஆய்வுகள், ஒரு நடிப்புக்கு ஒரு மெய்ப்பாடு என வகுப்பதோடு நில்லாமல், இருவேறு மெய்ப்பாடுகள் ஓருடலில் கலக்கும் இடங்களையும் நோக்க வேண்டும். எல்லைப் பகுதிக் கல்லூரிகளில், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவரும் அமர்ந்திருக்கும் வகுப்பறையில், இத்தகைய ஆய்வைச் ‘சபாஷ் மீனா’விலிருந்து தொடங்கலாம். அங்குச் சந்திரபாபுவின் வீழ்ச்சிக் கதையைச் சொல்லும் முன், அவர் எவ்வளவு நேர்த்தியாக விழுந்தார் என்பதைக் காட்டுவதே முறை.