போல்ட் தோற்ற ஆண்டுகள்

2002 ஜூலையில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கில் உலக ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. 200 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு வந்த பதினைந்து வயதுப் பையனுக்குப் பதற்றம் தாங்கவில்லை. அரங்கமே அவன் பேரைச் சொல்லிக் கத்துகிறது. குனிந்து ஸ்பைக்ஸ் மாட்டுகிறான். கால் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. வலது கால் ஷூவை இடது காலில் திணித்துக்கொண்டிருக்கிறோம் என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவனுக்கே உறைக்கிறது. கழற்றி மாற்றி மாட்டிக்கொண்டு ஓடி, தன்னைவிட மூத்த பையன்களை 20.61 விநாடியில் வென்றான்.

உசேன் போல்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இங்கிருந்து நேராக 2008 பெய்ஜிங்குக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. ஜமைக்காவின் பள்ளித் தடகள முறை எதைக் கொடுக்கிறது, எதைப் பறிக்கிறது என்று எடைபோட அந்த ஆண்டுகளைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

‘சாம்ப்ஸ்’ என்று அந்த ஊரே செல்லமாகச் சொல்லும் பள்ளித் தடகளப் போட்டி 1910-இல் ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. தனியாக நடந்துவந்த பெண்கள் போட்டி 1999-இல் அதோடு சேர்ந்தது. ஈஸ்டரை ஒட்டி ஐந்து நாள் நடக்கும். நரைத்த தலையோடு கிங்ஸ்டன் காலேஜின் பழைய மாணவர்கள் ஊதா நிறத்திலும், கலபார் பள்ளிக்காரர்கள் பச்சை கறுப்பிலும் வந்து தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். ஏறத்தாழ 28 லட்சம் பேர் வாழும் தீவில் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டம்தான் திருவிழா.

இந்த வலையில் சிக்காத வேகம் தீவில் அரிது. போல்ட் பிறந்த ஷெர்வுட் கான்டென்ட், ட்ரெலானி மாவட்டத்துக் கிராமம். படித்த வில்லியம் நிப் பள்ளி, தலைநகரப் பெரும்பள்ளிகளின் வரிசையில் வராதது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையனின் ஓட்டத்தைப் பார்த்து, தடகளத்துக்குப் போ என்று அனுப்பியவர் அவனுடைய கிரிக்கெட் பயிற்சியாளர். அங்கே அவனுக்குக் கிடைத்த பயிற்சியாளர் பாப்லோ மக்நீல், முன்பு ஒலிம்பிக்கில் ஓடியவர். ஒரு கிராமத்துப் பள்ளியில் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்பதுதான் இந்த முறையின் பலம். ஜமைக்கர்களின் வேகத்துக்கு மரபணு என்பார்கள். போல்ட்டின் அப்பா ட்ரெலானியில் விளையும் பெருவள்ளிக் கிழங்கைச் சொன்னார். என்னைக் கேட்டால், 1980-இல் தொடங்கி விளையாட்டு ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்கிவரும் ஜி.சி. ஃபாஸ்டர் கல்லூரியைச் சொல்வேன். 2008-இலும், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பெண்கள் 100 மீட்டர் பதக்கங்கள் அத்தனையும் ஒரே தீவுக்குப் போனது கிழங்கால் மட்டும் நடக்கிற காரியமா?

ஆனால் சாம்ப்ஸில் பட்டம் புள்ளிக் கணக்கில்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு பதக்கமும் பள்ளிக்குப் புள்ளி. நன்றாக ஓடுகிற பிள்ளையை ஒரே ஓட்டத்தோடு விடுவதற்கு எந்தப் பள்ளிக்கும் மனம் வராது. தகுதிச்சுற்று, அரையிறுதி, இறுதி, அதற்குமேல் தொடர் ஓட்டம் என்று அதே கால்கள் ஐந்து நாளில் திரும்பத் திரும்ப ஓடும். 2003-இல் பதினாறு வயது போல்ட் 200 மீட்டரை 20.25 விநாடியிலும் 400 மீட்டரை 45.35 விநாடியிலும் வென்றான். அடுத்த ஏப்ரலில் பெர்முடாவில் 200 மீட்டர், 19.93 விநாடி. இருபது வயதுக்கு உட்பட்ட யாரும் அதற்குமுன் இருபது விநாடிக்குள் ஓடியதில்லை.

நான்கே மாதம் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக். தொடையின் பின்தசையில் காயத்தோடு வந்த போல்ட் முதல் சுற்றிலேயே 21.05 விநாடி ஓடி வெளியேறினார். ஏப்ரலில் ஓடியதைவிட ஒரு விநாடிக்கு மேல் கூடுதல். பிறவியிலேயே வளைந்த முதுகெலும்பு; அந்த முதுகும் இடுப்பும் வலுப்படுமுன் கால்கள் உலகத்தரத்துக்கு ஓடிவிட்டன. 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் இறுதிவரை வந்து, பாதி ஓட்டத்தில் மறுபடியும் காயம். 26.27 விநாடி என்று பதிவானது, கடைசி இடம். பையன் சோம்பேறி, கேளிக்கைப் பிரியன் என்று ஊர் பேசத் தொடங்கியது. இந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. பதினைந்து வயதில் ஒரு நாட்டின் ஆசையை அவன் தோளில் ஏற்றிய அதே ஊர், காயத்தைக் குணக்கேடாக்கிவிட்டது.

அவரை மீட்டது சாம்ப்ஸ் அல்ல. 2004-க்குப் பிறகு பயிற்சிப் பொறுப்பேற்ற கிளென் மில்ஸ், உடனடி வெற்றியைத் தேடவில்லை. போல்ட் உடம்பைப் பின்னால் சாய்த்து ஓடுவதையும், அதனால் சுமை தொடைத் தசையில் இறங்குவதையும் கண்டார். முதுகையும் வயிற்றையும் வலுவாக்கி, ஓடும் விதத்தையே மெல்ல மாற்றினார். அமெரிக்கக் கல்லூரிகள் கூப்பிட்டும் போல்ட் போகாததை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய தலைமுறை ஜமைக்க ஓட்டக்காரர்களான டான் குவாரி, மெர்லின் ஓட்டி காலத்தில் அதுதான் வழி. அவர்களுக்குப் படிப்பும் பேரும் கிடைத்தன. ஆனால் கல்லூரித் தடகளமும் புள்ளிக் கணக்குதான், குளிர்காலத்தில் உள்ளரங்கம், வசந்தத்தில் வெளியரங்கம். கிங்ஸ்டனிலேயே மில்ஸின் ரேஸர்ஸ், ஸ்டீபன் பிரான்சிஸின் எம்விபி ஆகிய சங்கங்கள் உருவான பிறகுதான் ஊரில் தங்கிப் பொறுமையாக வளர முடிந்தது. ரேஸர்ஸ் வீரர்கள் ஓடிப் பழகியது மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் புல்தரையில்.

2007-இல் 200 மீட்டரை 19.75 விநாடியில் ஓடி, குவாரி 1971-இல் படைத்த 19.86 விநாடி தேசியச் சாதனையை முறியடித்தார். அதற்குப் பரிசாகத்தான் 100 மீட்டர் ஓட மில்ஸிடம் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில், இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து ஆட, கோட்டுக்கு முன்பே கைகளை விரித்து நெஞ்சைத் தட்டிக்கொண்டு 9.69 விநாடி. ஒலிம்பிக் குழுத் தலைவர் ஜாக் ரோக் அந்தக் கொண்டாட்டத்தைக் கண்டித்தார். நான்கு ஆண்டு அவமானம் தெரிந்த யாரும் கண்டித்திருக்க மாட்டார்கள். 2009 பெர்லினில் வந்த 9.58, 19.19 இரண்டையும் இன்றுவரை யாரும் தொடவில்லை.

சாம்ப்ஸ் இல்லாவிட்டால் மில்ஸுக்கு இந்தப் பையன் கிடைத்திருப்பானா என்று கேட்கலாம். கிடைத்திருக்க மாட்டான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டுபிடிக்கிற முறையே பழுக்கவும் வைக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. 2005-இல் 9.77 விநாடி உலக சாதனை படைத்த அசாபா பவல் பள்ளி நாட்களில் பேர் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. பள்ளியில் பட்டம் வாங்காதவர்களைத் தேடி எடுப்பதையே அவருடைய பயிற்சியாளர் பிரான்சிஸ் வழக்கமாக வைத்திருந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. ஓட்டத்தில் இவ்வளவு ஆழமான நாடு, சோதனையில் பின்தங்கியிருந்தது. ஊக்கமருந்துத் தடுப்பு ஆணையமே 2008-இல்தான் வந்தது. 2013-இல் பவல் உள்ளிட்டோர் சிக்கியபோது உலக அமைப்பு வந்து விசாரிக்க நேர்ந்தது. தொடர் ஓட்டத்தில் கூட ஓடிய நெஸ்டா கார்ட்டரின் பழைய மாதிரி மறுசோதனையில் தவறியதால், போல்ட்டின் ஒன்பது தங்கம் 2017-இல் எட்டானது.

அதே ஆண்டு லண்டனில் அவருடைய கடைசி ஓட்டமும் பின்தசைப் பிடிப்பில் தரையில் விழுந்து முடிந்தது. அடுத்த எட்டு ஆண்டுகள் ஆண்கள் 100 மீட்டர் உலகப் பட்டமோ ஒலிம்பிக் தங்கமோ ஜமைக்காவுக்கு வரவில்லை. சாம்ப்ஸ் ஆண்டுதோறும் புதுப் பையன்களின் பேரைக் கத்திக்கொண்டுதான் இருந்தது. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் ஆப்ளிக் செவில் 9.77 விநாடியில் வென்றார், கிஷேன் தாம்சன் 9.82 விநாடியில் இரண்டாவது. பார்வையாளர் வரிசையில் போல்ட் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். இருவருக்கும் அப்போது 24 வயது, இருவருமே காயங்களோடு மல்லுக்கட்டி வந்தவர்கள். தாம்சன் பிரான்சிஸின் மாணவர். செவிலுக்குப் பயிற்சி கொடுத்தவர் கிளென் மில்ஸ்.