ஏறின பெயர் இறங்காது

பழவேற்காடு ஏரி மீன்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சா, எங்க தாம்பரத்துக்கே திரும்பி வரணும். சென்னைக் கிறித்துவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் அந்த ஏரியை ஆராய்ந்தவர். ஏரியின் பெரிய உயிரினங்களைப் பற்றிய அவரது ஆங்கில நூலை 2006-ல் தேசியப் பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. இன்றும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் குறை நூல்மேல் இல்லை. இதுமாதிரிப் பட்டியல்களை நாம் பயன்படுத்தும் விதத்தின்மேல். பட்டியலில் ஒரு பெயர் ஏறினா இறங்காது. புதுசா ஒரு மீன் கிடைச்சா சேர்ப்போம். பல வருஷமா கண்ணில் படாததை யாரும் அடிக்கிறதில்லை. ஏரி மெலிந்தாலும் பட்டியல் கொழுக்கும்.

முகத்துவாரத்தை மணல் அடைத்தால், கடலிலிருந்து இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் உள்ளே வர வழியில்லை. திறந்திருந்த வருஷக் கணக்கையும் அடைபட்ட வருஷக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, "இனங்கள் குறையவில்லை" என்றால் என்ன அர்த்தம்? எந்த வலை, எந்த மாதம், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று தெரியாமல் ஒப்பிடவே முடியாது.

பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' முறை இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடுவது. நல்ல அளவுகோல் அதிலேயே இருக்கு: அதே இடம், அதே வலை, இன்னைக்கு எவ்வளவு?

எங்க பக்கத்துப் பள்ளிக்கரணையும் 2022-ல் ராம்சர் தளமாச்சு. அதன் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியா கோவளம் கழிமுகம்வரை போகுது. அங்கே மீன் கணக்கெடுக்கப் போறவங்க பெயரோடு எடையையும் எழுதிடுங்க. இல்லைன்னா ஜிலேபிக் கெண்டை மட்டும் மிஞ்சுற நாளிலும் பட்டியல் நிறைஞ்சேதான் இருக்கும்.