ஐந்து நிலமும் ஐந்திணையும்: ஆர்வலர் ஆக்கிய ஆட்ட அட்டைகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

'மேஜிக்: தி கேதரிங்' என்னும் அட்டை ஆட்டம் 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதவியலர் இதனை உருவாக்கினார். வழக்கமான சீட்டாட்டத்தில் அனைவரும் ஒரே கட்டைப் பகிர்ந்து ஆடுவர். இவ்வாட்டத்திலோ ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து தமக்கென ஒரு கட்டைத் தொகுத்துக்கொண்டு எதிராளியுடன் மோதுவர். பெரும்பாலான அட்டைகளில் பெயர், படம், விலை, விதி ஆகியன இடம்பெறும். ஆட்டக்காரர்கள் தாமே புதிய அட்டைகளை ஆக்கி, ஒருவர் ஆக்கியதை மற்றவர் திறனாயும் வழக்கம் நெடுநாளாகவே உண்டு. வெளியீட்டு நிறுவனமும் ஆட்டக்காரர்களின் வாக்குகளைக் கொண்டு ஓர் அட்டையை வடிவமைத்து, 'ஃபர்காட்டன் ஏன்ஷியன்ட்' என்னும் பெயரில் 2003இல் அச்சிட்டது.

இவ்வாட்டம் தமிழில் வெளியிடப்பட்டதில்லை. இந்நிலையில், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பகுதிகளைச் சேர்ந்த நம் மாணவர் சிலர் தமிழ் இலக்கியத்தை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய அட்டைகளை நம்மிடம் காட்டினர். அவற்றைக் கண்டதும் நம் வாயில் முதலில் வந்தது பாராட்டே. இம்முயற்சிக்கு அப்பாராட்டு போதுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

ஐந்து நிலங்களும் பாலையும்

இவ்வாட்டத்தில் அடிப்படை நில வகைகள் ஐந்து: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. பிற அட்டைகளைக் களமிறக்குவதற்கான ஆற்றலை இந்நிலங்களே தருகின்றன. நிலமே முதற்பொருளாக அமையும் இவ்வாட்டத்தைக் காணும் தமிழ் மாணவர்க்கு ஐந்திணை நினைவுக்கு வருவது இயல்பே. மலை குறிஞ்சியாயிற்று, காடு முல்லையாயிற்று, சமவெளி மருதமாகவும் தீவு நெய்தலாகவும் பொருந்தின. எஞ்சியது சதுப்பு. அதனைப் பாலை என்று பெயரிட்டு, சேற்றை நீக்கிக் கள்ளிச்செடியை வரைந்திருந்தார் ஒரு மாணவர்.

இவ்விடத்தில்தான் ஒப்பீடு முறிகிறது. நீர் தேங்கிய நிலமும் நீரற்ற நிலமும் ஒன்றாகா என்பது வெளிப்படை. அதனினும் பெரிய வழு மற்றொன்று உண்டு. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை; வேனிலையும் நண்பகலையும் அதற்குரிய பொழுதாகச் சுட்டுகிறார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே பாலை ஒரு நில அட்டையாக இருத்தல் பொருந்தாது. நிலத்தை மாற்றும் அட்டையாக இருத்தலே பொருந்தும். 'முதுவேனில்' என்றோர் அட்டையை எண்ணிப் பார்க்கலாம். அது களத்தில் உள்ளவரை மலைகளும் காடுகளும் ஆற்றல் தாரா. அது அகன்றதும் அவை தம் இயல்புக்குத் திரும்பும். நிலத்தின் வகையை மாற்றும் அட்டைகள் இவ்வாட்டத்திற்குப் புதியனவும் அல்ல. 1994இல் வெளிவந்த 'பிளட் மூன்' அடிப்படை நிலம் அல்லாத நிலங்களை மலையாக மாற்றுகிறது. ஆட்டத்தின் விதிகள் இடந்தந்தும் மாணவர் பெயர் மாற்றத்தோடு நின்றுவிட்டார்.

பொழுதினை விதியாக்குவதற்கு இந்திய மரபிலும் சான்று உண்டு. தசாவதார கஞ்சிஃபா ஆட்டத்தில் ஓர் அவதாரத்திற்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள் உள்ளன. பகலில் ஆடினால் இராமனைக் கையில் வைத்திருப்பவரும், இரவில் ஆடினால் கிருஷ்ணனை வைத்திருப்பவரும் ஆட்டத்தைத் தொடங்குவர். அங்கே தெய்வம் படமாக மட்டும் நில்லாமல் ஆட்டத்தின் போக்கிலும் பங்கு கொள்கிறது.

கண்ணகி அட்டை

மற்றொரு மாணவர் கண்ணகியை வலிமை 7, தாங்குதிறன் 7 கொண்ட உயிரியாக ஆக்கியிருந்தார். களமிறங்கியவுடன் அவள் எதிராளியின் உயிரிகள் அனைத்தையும் அழிப்பாள். இவ்வட்டையில் கண்ணகியின் பெயரை நீக்கி ஒரு பறவைநாகத்தின் பெயரை இட்டாலும் எதுவும் மாறாது. காப்பியக் கண்ணகி தொடக்கத்திலேயே ஆற்றல் மிக்கவளாகத் தோன்றுவதில்லை. இழப்பே அவள் ஆற்றலை வெளிப்படுத்துகிறது. மதுரையை எரியூட்டும்போதும் முதியோர், குழந்தைகள் முதலியோரை விலக்குமாறே அவள் தீக்கு ஆணையிடுகிறாள்.

மாணவர் இக்குறையை உணர்ந்து விதியைத் திருத்தினார்: "எதிராளி தன் துணையை அழித்தால் கண்ணகி எல்லாவற்றையும் அழிப்பாள்." கருத்து நன்று, மொழி பிழைத்தது. 'தன்' என்பது எழுவாயைச் சுட்டும். ஆதலின் எதிராளி தம்முடைய துணையைத் தாமே அழித்தால்தான் கண்ணகி சினம் கொள்வாள் என்று பொருள்படுகிறது. 'எல்லாவற்றையும்' என்பதில் கண்ணகியும் அடங்குவாளா என்பதும் தெளிவில்லை. வகுப்பில் கலந்துரையாடியபின் விதி இவ்வாறு அமைந்தது: "எதிராளியின் அட்டையால் உம்முடைய வேறோர் உயிரி அழியுமாயின், எதிராளியின் உயிரிகளுள் வலிமை 3 அல்லது அதற்கு மேற்பட்டவை அனைத்தும் அழியும்." கண்ணகியின் வலிமை 1 ஆகவும் தாங்குதிறன் 3 ஆகவும் குறைக்கப்பட்டன.

இத்திருத்தத்தால் விளைந்த பயன் நோக்கத்தக்கது. எளியவை தீயிலிருந்து தப்புகின்றன. எதிரே கண்ணகி நிற்கையில், ஓர் உயிரியை அழிக்குமுன் எதிராளி ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டியவராகிறார். பாண்டியன் ஆராயத் தவறியதே காப்பியத்தின் திருப்பம். அதனை எந்தப் படமும் வருணனையுமின்றி ஒரு விதி ஆட்டக்காரரை உணரச் செய்கிறது.

விதியின் மொழி

அட்டையின் விதி ஒருவகையில் நூற்பாவே. ஆட்டத்தின் பொதுவிதியோடு ஓர் அட்டையின் கூற்று முரண்படின் அட்டையே வெல்லும். ஓர் அட்டை 'இயலும்' என, மற்றொன்று 'இயலாது' எனின், இயலாது என்பதே நிற்கும். பொதுவிதி, சிறப்புவிதி, புறநடை ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவை அயலானவை அல்ல. நன்னூலில் பவணந்தியார் தொகுத்த பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றை மட்டும் கொண்டே மேற்கண்ட அட்டைகளைத் திறனாய்ந்துவிடலாம். 'தன்' பற்றிய வழுவை இலக்கண வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அதனால் ஓர் ஆட்டம் தோற்கும் எனக் கண்டபோதுதான் மாணவர் அதனைப் பொருட்படுத்தினர்.

முடிவுரை

மலேசியச் சூழலில் இளையோர் தமிழில் எதனை ஆக்கினும் 'தமிழில் செய்திருக்கிறார்களே' என்று பாராட்டி அமைகிறோம். அக்கனிவைக் குறைகூற இயலாது. எனினும், ஆக்கத்தைக் கூர்ந்து படிக்காமல் வழங்கும் பாராட்டு, தமிழை ஓர் அணிகலனாக மட்டும் கருதும் மனப்பான்மையை உறுதிப்படுத்திவிடும். பெயரும் படமும் தமிழாக, சிந்திக்கும் பகுதி வேற்று மொழியாக நிற்கும் நிலை அதன் விளைவே. மாணவரின் அட்டை நம் கைக்கு வரும்போது படத்தைக் கண்டு மகிழ்ந்தபின் விதியையும் படிப்போம். அதன்படி ஒருமுறை ஆடியும் பார்ப்போம். பிழையிருப்பின் சுட்டுவோம். அவர்தம் ஆக்கத்திற்கு நாம் அளிக்கக்கூடிய உரிய மதிப்பு அதுவேயாகும்.