கணக்கில் வராத 17 பேர்

கார்-டி செல் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஓர் எண் முன்னால் வந்து நிற்கிறது: 81 விழுக்காடு. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி அணுக்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் மாற்றியமைத்து, கோடிக்கணக்கில் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றும் சிகிச்சை இது. ரத்தப் புற்றுநோய் முற்றி, வேறு மருந்துகள் பலனளிக்காத சிறாருக்கும் இளைஞருக்கும் இதைக் கொடுத்துப் பார்த்த 'எலியானா' என்ற பன்னாட்டுச் சோதனையின் முடிவுகள் 2018இல் வெளியாயின. நூற்றுக்கு 81 பேருக்கு மூன்றே மாதத்தில் நோய் அடங்கியிருந்தது.

அந்த எண் பொய்யல்ல. அதன் பகுதி எது என்பதுதான் என் கேள்வி. பின்னக் கணக்கில் கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பகுதி. 75 பேரில் 61 பேருக்கு நோய் அடங்கியதால் 81 விழுக்காடு. ஆனால் சோதனையில் சேர்ந்தவர்கள் 92 பேர். மீதி 17 பேருக்கு அணுக்கள் ஏற்றப்படவே இல்லை. ஏழு பேருக்கு அணுக்களைச் சரியாகத் தயாரிக்க முடியவில்லை. ஏழு பேர் காத்திருக்கும்போதே இறந்துபோனார்கள். மூன்று பேருக்கு இடையில் வந்த உடல்நலக் கோளாறுகள் தடையாயின. 92ஐப் பகுதியாக வைத்தால் கிடைப்பது 66 விழுக்காடு.

அதுவும் பெரிய எண்தான். இந்தச் சிகிச்சையின் அருமையை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. டி அணுக்களை உடலுக்கு வெளியே நெடுநாள் வளர்க்க முடியும் என்பதே 1976இல்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகத்தில் ரத்தப் புற்றணுக்களை வளர்க்க முயன்றபோது, எதிர்பாராமல் டி அணுக்கள் பெருகின. அவற்றைப் பெருக வைத்த பொருளுக்குப் பின்னாளில் இன்டர்லூகின்-2 என்று பெயர் வந்தது. 1980களின் இறுதியில் இஸ்ரேலின் செலிக் எஷ்ஹார், எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) இனங்காணும் முனையை டி அணுவின் மேல் பொருத்திக் காட்டினார். புற்றணுக்கள் தம் அடையாளத்தை மறைத்துக்கொண்டு டி அணுக்களிடமிருந்து தப்புவதுண்டு. அந்த முனையைப் பெற்ற டி அணு இலக்கை நேரடியாகக் கண்டு தாக்கும்.

2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இந்த அணுக்கள் ஏற்றப்பட்டன. சில நாளில் கடுங்காய்ச்சல் கண்டு, செயற்கைச் சுவாசத்தில் உயிருக்குப் போராடினாள். பெருகிய அணுக்கள் கிளப்பிவிட்ட அழற்சிதான் காரணம். அவள் ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 மிகுந்திருந்ததைக் கண்ட மருத்துவர்கள், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால் அந்த மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. எமிலி பிழைத்தாள், புற்றுநோயும் போயிற்று. 2010இல் சிகிச்சை பெற்ற இருவரின் உடலில் பத்தாண்டு கழித்தும் அந்த அணுக்கள் காவலிருந்ததாக 2022இல் ஆய்வு வந்தது. மாத்திரை கரைந்துவிடும், இந்த அணுக்களோ உடலில் குடியேறி இனம் பெருக்குகின்றன.

ஆனால் எல்லாருக்கும் அப்படி நிலைப்பதில்லை. எலியானாவில் அணுக்களை ஏற்றிக்கொண்டவர்களிலேயே, ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தாம். சிலருக்கு ஏற்றிய அணுக்கள் ஓய்ந்துவிடுகின்றன. சிலருக்குப் புற்றணு தன் மேலிருந்த இலக்கையே உதறிவிடுகிறது. அந்த இலக்கின் பெயர் சிடி19. அது புற்றணுவில் மட்டுமல்லாமல் எதிர்ப்புரதம் சுரக்கும் நலமான பி அணுக்களிலும் உண்டு. பி அணுக்களை இழந்தாலும், அந்தப் புரதத்துக்கு ஈடாக இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொண்டு வாழ முடிகிறது. அதனால்தான் இந்த இலக்கு வாய்த்தது. நுரையீரலிலோ வயிற்றிலோ வளரும் கட்டிகளில் இப்படி இழக்கத்தக்க இலக்கு எளிதில் கிடைப்பதில்லை. நம் மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணும் அந்தப் புற்றுநோய்களுக்கு இந்தச் சிகிச்சை இன்னும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. செலுத்திய டி அணுக்களிலிருந்தே அரிதாகப் புதிய புற்றுநோய் தோன்றலாம் என்று 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையும் சேர்க்க வைத்தது.

மீண்டும் அந்த 17 பேரிடம் வருகிறேன். எலியானாவில் சேர்ந்த நாளிலிருந்து அணுக்கள் உடலில் ஏறும் நாள்வரை இடைநிலையாக 45 நாள் ஆயின. மஜ்ஜை முழுதும் புற்றணு நிறைந்த பிள்ளைக்கு 45 நாள் என்பது என்ன என்று பெற்றோரைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவருடைய அணுக்களிலிருந்தே தனியாகத் தயாரிக்க வேண்டும். தூய அறை, மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ், பல கட்டத் தரச்சோதனை என அத்தனை செலவும் ஒரே நோயாளியின் தலையில் விழுகிறது. இந்தச் சிகிச்சையின் முதல் வணிகத் தயாரிப்பான கிம்ரியா 2017இல் 4,75,000 டாலருக்கு வந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3 கோடி ரூபாய். 2023இல் இந்தியா ஒப்புதல் அளித்த நெக்ஸ்கார்19, மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. அதற்குத் தொடக்கத்தில் 40 லட்சம் ரூபாய் அளவில் ஆனது. பெரிய சாதனை அது. ஆனாலும் ஆயுஷ்மான் பாரத் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 5 லட்சம். ரத்தம் எடுக்கும் நாற்காலி வரைக்கும் வர முடியாதவர்கள் எந்தப் பகுதியிலும் இல்லை.

இங்கேதான் வேலூர் சி.எம்.சி. செய்து பார்த்திருப்பதை முக்கியமாக நினைக்கிறேன். அங்கே மருத்துவமனைக்குள்ளேயே, தானியங்கி இயந்திரத்தின் துணையோடு, ஏறக்குறைய 9 நாளில் அணுக்களைத் தயாரித்திருக்கிறார்கள். எலியானாவின் 45 நாளோடு இதை நேராக ஒப்பிடக்கூடாது. 9 நாள் என்பது தயாரிப்புக்கு மட்டும். 2025இல் வெளிவந்த முடிவுகளும் 10 நோயாளிகளைப் பற்றியவை. முடிவு கட்டப் போதாது. ஆயினும் தொழிற்சாலைக்கு அனுப்பிக் காத்திருப்பதைவிட, படுக்கைக்கு அருகில் தயாரிப்பதே நம் நாட்டுக்கு ஏற்ற வழி என்று உறுதியாக நம்புகிறேன். அரசு மருத்துவமனைகளிலும் இந்த வசதி வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'உங்கள் அணுக்களையே வளர்த்துத் தருகிறோம்' என்ற அதே சொற்களை வைத்து, நிரூபிக்கப்படாத சிகிச்சைகளும் விற்கப்படுகின்றன. சீனாவில் அரிய வகைப் புற்றுநோய் கண்ட 21 வயது மாணவர் ஒருவர், இணையத் தேடலில் விளம்பரமாக வந்த அப்படியொரு சிகிச்சைக்குக் குடும்பத்தின் சேமிப்பைக் கொடுத்து, 2016இல் இறந்தார். வெறுமனே எண்ணிக்கையில் பெருக்கிய அணுக்களுக்கும், இலக்கு பொருத்திச் சோதனைகளில் தேறிய அணுக்களுக்கும் உள்ள தொலைவைத் துன்பத்தில் இருப்பவர் எப்படி அறிவார்?

ஆகவே இந்தச் சிகிச்சையைத் தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் வெற்றிக் கணக்கை அணுக்கள் திரும்பி வந்த நாளிலிருந்து தொடங்காமல், ரத்தம் எடுத்த நாளிலிருந்து தொடங்கி வெளியிட வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இது பரிந்துரைக்கப்பட்டால், கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: இங்கே இதுவரை எத்தனை பேரிடம் ரத்தம் எடுத்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அணுக்கள் திரும்ப ஏறின, ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள்?