டீயா, ரீயா?

கனடாவின் பெருநகரம் ஒன்றைச் சென்னைப் பத்திரிகைகள் 'டொரண்டோ' என்று அச்சிடுகின்றன. அந்த நகரத்திலேயே குடியிருக்கும் ஈழத்தமிழர்களின் பத்திரிகைகள் 'ரொறன்ரோ' என்று அச்சிடுகின்றன. தமிழகத்து வாசகர் முதன்முறை இதைப் பார்த்தால் அச்சுப்பிழை என்றே நினைப்பார். அப்புறம் ரயர், ரிக்கற், பற்றரி, இன்ரநெற், கிறிக்கெற் என்று வரிசையாக வரும்போது ஒரு சந்தேகம் தட்டும்: பிழை இவ்வளவு ஒழுங்காக இருக்குமா?

இருக்காது. ஒரே ஆங்கிலச் சொல்லைக் கேட்டு இரு கரைத் தமிழர்கள் இருவேறு எழுத்தை எடுப்பதற்குப் பின்னால் ஒலியின் கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் இரு முறைகளையும் பார்த்துவிடுவோம். தமிழகத்து முறை எளிது. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்துக்கும் ட, இருபதாம் எழுத்துக்கும் ட. டாலர் என்றாலும் டயர் என்றாலும் ஒரே தொடக்கம்தான். யாழ்ப்பாணத்து முறை இந்த இரண்டையும் பிரிக்கிறது. நான்காம் எழுத்துக்கு ட. இருபதாம் எழுத்துக்குச் சொல்லின் முதலில் ர, நடுவில் ற்ற, முடிவில் ற், ன-வுக்குப் பின்னால் ன்ர. இப்படி ர வேறு வேலைக்குப் போய்விட்டதால், ஆங்கிலத்தின் 'ஆர்' ஒலிக்குப் பெரும்பாலும் ற வருகிறது: றேடியோ, றோட்டு, றப்பர். 'ரொறன்ரோ' என்ற நாலெழுத்துக்குள்ளேயே இந்த விதிகளில் மூன்று அடங்கியிருக்கின்றன.

இந்தப் பிரிவினை ஏன் வந்தது என்று அறிய நாக்கைத்தான் கேட்க வேண்டும். 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். நா நுனி மேற்பல்லைத் தொடும். 'பட்டு' என்று சொன்னால் நா வளைந்து அண்ணத்தின் மேட்டை முட்டும். ஆங்கிலேயர் 'டீ' என்று சொல்லும்போது அவர்கள் நாக்கு இந்த இரண்டு இடத்துக்கும் போவதில்லை. பல்லுக்குச் சற்று மேலே, ஈறு தடித்திருக்கும் இடத்தை அது தொடுகிறது. த-வுக்கும் ட-வுக்கும் நடுவில் உள்ள மூன்றாவது இடம் அது.

தமிழுக்கு அந்த இடம் புதியதல்ல. க ச ட த ப ற என்று வல்லினத்தைப் படிக்கும்போது, ற எப்படி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்பதில்லை. மற்ற ஐந்தும் மூச்சை முழுதாக அடைத்துத் திறப்பவை. இன்று நாம் சொல்லும் ற-வோ உருண்டோடும் ஒலி. விடை தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இருக்கிறது. ர-வுக்கும் ழ-வுக்கும் நா நுனி அண்ணத்தை வருடும் என்கிற தொல்காப்பியர், ற-வுக்கும் ன-வுக்கும் ஒற்றும் என்கிறார். ஒற்றினால்தான் மூச்சு அடைபடும். ஆக, அவர் காதில் விழுந்த ற ஓர் அடைப்பொலி. த-வுக்கு ந, ட-வுக்கு ண, ற-வுக்கு ன என்று மெல்லின இணைகளைப் பார்த்தாலும் வாயின் முன்பகுதியில் மூன்று தனித்தனி இடங்கள் இருந்தது தெரியும்.

தமிழகத்தின் பெரும்பாலான வட்டாரங்களில் அந்த நடு இடம் காலியாகிவிட்டது. பேச்சில் காற்று 'காத்து' ஆனது. நேற்று 'நேத்து' ஆனது. ஏட்டைப் பார்த்து வாசிக்கும்போது வெற்றி 'வெட்ரி' ஆகிறது. யாழ்ப்பாணத்தில் அது ஒலிக்கும் விதமே வேறு. வெற்றி, குற்றம், முற்றம் என்ற சொற்களில் ற்ற இன்றும் ஈற்றை ஒற்றும் அடைப்பொலிதான், 'ர்' சாயலே கிடையாது. ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமே இதற்குச் சாட்சி. தமிழகத்து வெற்றிவேலின் ஆங்கிலப் பெயருக்குள் ஓர் 'ஆர்' புகுந்துகொள்கிறது. ஈழத்து வெற்றிவேலுக்கு இரண்டு 'ரி' போதும். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அஞ்சல் துறையைக் கவனித்த சிற்றம்பலம் தம் பெயரை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதினார்.

இனிக் கணக்கு எளிது. ஆங்கில ஒலி வந்து கதவைத் தட்டியபோது தமிழகத்துக் காதில் இரண்டே இடங்கள் இருந்தன. பல்லிடத்து த-வை 'தாங்க்ஸ்' போன்ற சொற்களின் ஒலி பிடித்துக்கொண்டது. மிஞ்சியது ட. யாழ்ப்பாணத்துக் காதில் மூன்றாவது இடமும் திறந்திருந்தது. வந்த ஒலி நேரே அதில் போய் உட்கார்ந்தது.

அப்படியானால் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தும் அதே ஈற்றிடத்தில்தானே பிறக்கிறது, அதற்கு மட்டும் யாழ்ப்பாணத்தார் ஏன் ட போடுகிறார்கள் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த ஒலி அதிர்வோடு பிறப்பது. தமிழில் தனி ட இரு உயிர்களுக்கு நடுவே அதிர்வு பெறும். 'பாடு' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். தனி ற அந்த இடத்தில் அடைப்பொலியாக நிற்காமல் உருண்டுவிடும். அதாவது அதிர்வுள்ள ஈற்றொலிக்கு யாழ்ப்பாணத்திலும் நாற்காலி கிடையாது. நாற்காலி இருந்த ஒலிக்கு அதையே கொடுத்தார்கள், இல்லாததற்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்கள். இதையே அடுத்த மாநிலத்திலும் காணலாம். மலையாளத்திலும் ற்ற பழைய அடைப்பொலியாகவே வாழ்கிறது. அங்கே டிக்கெட் என்ற சொல்லை எழுதும்போது முதலில் ட, முடிவில் ற்ற. கடல் தாண்டிய யாழ்ப்பாணத்துக்கும் மலை தாண்டிய கேரளத்துக்கும் உள்ள இந்த ஒற்றுமை, இருவரும் ஒரே பழஞ்சொத்தைக் காப்பாற்றியதால் வந்தது.

காது இப்படிப் பாகுபடுத்துவது பிறவியிலேயே வருவதல்ல. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ட-வையும் த-வையும் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டும் வேறு என்று கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. வீட்டில் பயன்படாத வேறுபாட்டை மூளை கழித்துவிடுகிறது. நமக்கு மலையும் மடுவுமாகத் தெரியும் ட-வும் த-வும் ஆங்கிலக் குழந்தைக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒன்றாகிவிடுகின்றன. ஹவாய் மொழியில் மெய்யொலிகளே எட்டுத்தான். 'மெரி கிறிஸ்மஸ்' அங்கே 'மெலே கலிகிமகா' ஆகிவிட்டது. அதைக் கேட்டுச் சிரிக்கும் உரிமை நமக்கில்லை. நம் டீயும் ரீயும் அந்த வகைதான்.

மெய்யெழுத்துக் கதை இப்படி. உயிரெழுத்தில் வேறொரு கதை நடந்திருக்கிறது. தமிழகத்தில் டாக்டர், டாலர், காலேஜ், ஆபீஸ். இலங்கையில் டொக்டர், டொலர், கொலிஜ், ஒபிஸ். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த உயிர் ஒ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே இதழ் குவித்துச் சொல்லப்படுவது. இந்தியில் குறில் ஒ இல்லை, அதனால் ஆ-வின் பக்கம் சாய்ந்தார்கள் என்றால் புரிகிறது. தமிழகத்தில் குறில் ஒ இருக்கிறதே! தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கிறது. ஆனாலும் மூவரும் 'டாக்டர்' என்றே சொல்கிறார்கள். மறுகரையில் சிங்களவரும் 'டொலர்' என்கிறார்கள்; மலையாளி 'டோளர்' என்கிறார். இங்கே நாற்காலிக் கணக்கு செல்லாது. அண்டை வீட்டுக்காரர் எப்படிச் சொன்னாரோ அப்படி நாமும் சொல்லிப் பழகியதுதான் காரணமாக இருக்க வேண்டும். காபி, கோப்பி வேறுபாட்டையும் இந்தக் கணக்கில் வைக்கலாம். சிங்களத்திலும் அது 'கோப்பி'தான்.

இரண்டு முறைகளுக்கும் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. அவ்வை டி.கே.சண்முகம், டி.கே.பட்டம்மாள் ஆகிய இருவரின் தலைப்பெழுத்தும் தமிழகத்தில் ஒன்றே. சண்முகத்தின் 'டி' ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்து. பட்டம்மாளின் 'டி' நான்காம் எழுத்து. தமிழில் மட்டும் படித்தவருக்கு இது தெரிய வழியில்லை. இலங்கை முறையில் ரி.கே.சண்முகம், டி.கே.பட்டம்மாள் என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. ஆனால் அங்கே வேறு சிக்கல் முளைக்கிறது. 'ரயில்' என்று பழகிய கண் 'ரயர்' என்பதையும் அதே ர-வோடு வாசிக்கும். சொல் முன்பே தெரிந்தால்தான் ஒலிக்க முடியும். எல்லாரும் ர-வையும் ற-வையும் ஒரே கண்டிப்போடு பயன்படுத்துவதுமில்லை.

பெருமையை அளவோடு வைத்துக்கொள்ள யாழ்ப்பாணத்தாருக்கும் காரணம் உண்டு. ற்ற-வைக் காத்தவர்கள் ன்ற-வில் நழுவியிருக்கிறார்கள். ஒன்று, மூன்று, கன்றுக்குட்டி எல்லாம் அங்கே பேச்சில் ஒண்டு, மூண்டு, கண்டுக்குட்டி. அத்தோடு இலங்கை முழுவதும் ஒரே முறையும் அல்ல. கொழும்பு நாளேடுகளில் கிரிக்கெட், டெஸ்ட் என்று ட தாராளமாக நடமாடுகிறது. தமிழகத்துச் சினிமாவும் தொலைக்காட்சியும் கைப்பேசி விசைப்பலகையும் சேர்ந்து, யாழ்ப்பாணத்து இளையோர் கையிலும் 'ரிவி'யை 'டிவி' ஆக்கி வருகின்றன.

இலக்கணம் பார்த்தால் இரு தரப்பும் குற்றவாளிகளே. ட, ர, ற எதுவும் சொல்லின் முதலில் வரக்கூடாது என்பது பழைய விதி. அந்த விதியைத் தாண்டித்தான் டீயும் வந்தது, ரீயும் வந்தது. எனவே ஒன்று சரி, மற்றது பிழை என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் இடமில்லை.

தமிழகத்துப் பதிப்பாளர்களிடமும் மெய்ப்பு பார்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஈழத்து எழுத்தாளரின் கதையில் 'ரயர்', 'பற்றரி' என்று வந்தால் சிவப்பு மையை எடுக்காதீர்கள். அது அந்த ஊரின் உச்சரிப்பு. தொல்காப்பியர் கேட்ட ஓர் ஒலி, உங்கள் நாக்கு மறந்துவிட்ட ஒலி, அந்த எழுத்தில்தான் இன்னும் பதிந்திருக்கிறது. அதை 'டயர்' என்று திருத்தினால் வாசகருக்கு அரை நொடி மிச்சமாகும். ஒலி போய்விடும்.